குடிலில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். சென்ற டிசம்பரில் சண்டே ஸ்கூலில் ஆசிரியை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார வருகையின் காலத்தைப் பற்றி, "அட்வெந்து என்றால் என்ன?" என்று கேட்டதற்கு என் மகன் எழுந்து, "எல்லாக் கடையிலும் ஆஃபர் போடுகிற மாதம்" என்று சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிசம்பர் முதல் தேதியே எங்கள் வீட்டில் ஸ்டாரும் மரமும் ஏறிவிடும். பிறகு தி.நகரில் துணி, அலுவலகத்தில் சீக்ரெட் சாண்டா, குடியிருப்பில் பார்ட்டி, இரவு பதினொரு மணிக்குக் கேரல் ரவுண்ட்ஸ், அத்தை கணக்குக்கு எட்டு வகைப் பலகாரம். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கணவர் வீடு திரும்பவே இரவு பத்து மணி ஆகிறது. குடும்ப ஜெபம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடுகிறது. வேறொரு சபைக்குப் போகும் கொழுந்தனார், "டிசம்பர் 25 வேதத்திலேயே இல்லை, இதெல்லாம் உலகப்பிரகாரமான காரியம்" என்கிறார். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்காமல், வருகையின் காலத்தை வருகையின் காலமாக ஆசரிக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனை நீங்கள் மன்னித்துவிட வேண்டும். அவன் தவறான பதில் எதையும் சொல்லவில்லை. தன் கண்ணால் கண்டதைச் சொன்னான். ஏழு வயதுப் பிள்ளை ஒரு காலத்தின் பொருளை விளக்கத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்வதில்லை. அந்த நாட்களில் வீட்டில் என்ன மாறுகிறது, அம்மா எதற்காகப் பரபரக்கிறாள், அப்பா எதற்காகப் பணம் எடுக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. ஆகவே அவனுக்குப் புதிதாக ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதால் பயன் இல்லை.

அடுத்து, எதையும் நிறுத்த வேண்டாம். ஆயர் பணியிலும் அதன் பிறகு குடும்ப ஆலோசனைப் பணியிலும் இருந்த ஆண்டுகளில், பண்டிகையின் ஆரவாரத்தைக் கண்டு மனம் வெறுத்து, ஒரே வருடத்தில் மரத்தையும் பரிசையும் கேக்கையும் சேர்த்து ஒழித்துக்கட்டிய சில வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் நினைவில் நின்றது வருகையின் காலம் அல்ல, அப்பாவின் கோபம்தான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபின் எனக்குத் தோன்றுவது இது: உங்கள் வீட்டில் நடப்பவை அதிகம் என்பது சிறிய குறை, எல்லாமே நான்கு வாரம் முந்திவந்துவிடுகின்றன என்பதுதான் பெரிய குறை. முதல் தேதியே நட்சத்திரம் எரிந்து, பத்தாம் தேதிக்குள் புதுத்துணி அலமாரிக்கு வந்து, இருபதாம் தேதிக்குள் பார்ட்டியும் பரிசும் கேக்கும் முடிந்துவிட்டால், 25ஆம் தேதிக்கு மிச்சம் இருப்பது உறக்கம் ஒன்றுதான். நீங்கள் ஆராதனையில் தூங்கிப்போனது பக்திக் குறைவால் அல்ல. உங்கள் உடம்புக்குப் பண்டிகை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அட்வெந்து என்ற சொல் 'வருகை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்திரேயா அப்போஸ்தலரின் திருநாளான நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு அதன் தொடக்கம் என்பதால், அது நவம்பர் 27க்கு முன்பும் வராது, டிசம்பர் 3க்குப் பின்பும் போகாது. 2026இல் நவம்பர் 29. ஆக, கடைக்காரரின் நாட்காட்டியும் சபையின் நாட்காட்டியும் ஒரே நாளில் தொடங்குவதுகூட இல்லை. நம்மில் பலர் கவனிக்காத மற்றொன்றும் உண்டு: முதல் ஞாயிற்றின் வேதபாடங்கள் பெத்லகேமைப் பற்றிப் பேசுவதே இல்லை. வரப்போகும் கர்த்தருக்காக விழித்திருங்கள் என்பதே அவற்றின் பொருள். முதல் வருகையை நினைப்பதும் இரண்டாம் வருகைக்குக் காத்திருப்பதும் இந்த நான்கு வாரங்களில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பீடத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தைப் போலவே ஊதாத் துணி விரிக்கப்படுவதும் அதனால்தான். கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி இந்தக் காத்திருப்பின் மறுபக்கத்தில் இருக்கிறது. காத்திருப்பை எடுத்துவிட்டால், அடுப்பு பற்றவைக்கும் முன்பே இலை போட்டது போல ஆகிவிடும்.

காத்திருப்பது எப்படி என்று நம் வீடுகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் பிரசவத்துக்கு முன்பே தொட்டில் வாங்க மாட்டார்கள். புதுச் சட்டை எடுக்க மாட்டார்கள். மாறாக, ஆச்சி தன் பெட்டியிலிருந்து துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியையும் வாயில் புடவையையும் எடுத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு மடித்துவைப்பார்கள். பிறக்கும் பிள்ளையின் மேல் முதலில் படுவது அந்தத் துணிதான். யாரும் கொண்டாடவில்லை, ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் வேறு எதையும் நினைப்பதுமில்லை. மரியாளும், கர்ப்பவதியாக இருந்த தன் உறவினள் எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தாள் என்று சுவிசேஷகர் லூக்கா எழுதுகிறார். பிள்ளை பிறந்தபோது துணிகளில் சுற்றி முன்னணையிலே, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியிலே, கிடத்தினாள் என்றும் எழுதுகிறார். அந்தத் துணியை யாரோ முன்கூட்டியே கிழித்து மடித்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இந்த நான்கு வாரமும் உங்கள் வீடு நிறைமாத வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவதன் சாரம். உங்கள் அத்தையிடம் இதை இந்த வார்த்தையிலேயே சொல்லிப் பாருங்கள். மற்ற எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் சட்டென்று விளங்கும்.

செய்முறைக்கு வருகிறேன். குடில் வைப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த ஆண்டு வையுங்கள். கடையில் விற்கும் விளக்கு மினுக்கும் குடில் வேண்டாம். ஊரிலிருந்து இரண்டு பனை ஓலை கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகளை வைத்தே ஒரு கூரை கட்டுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் ஞாயிறன்று கூரையும் வைக்கோலும் மட்டும், அடுத்த வாரம் மாடும் கழுதையும், அதற்கடுத்த வாரம் மேய்ப்பர்கள், நான்காம் ஞாயிறன்று யோசேப்பும் மரியாளும். முன்னணை மட்டும் 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது என் தகப்பனார் அந்தப் பாலகன் பொம்மையை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுவார். நாங்கள் நால்வரும் நாற்காலி போட்டு ஏறி, அது அங்கேதான் இருக்கிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டுப்பார்ப்போம். அவிழ்க்க மட்டும் மாட்டோம். 'வருகை' என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் விரல் நுனியில் அந்தக் கைக்குட்டை முடிச்சுதான் தட்டுப்படுகிறது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது, முன்னணை, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றைத்தான் கொண்டுவரச் செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் குறிப்பிடுகிறார். அந்த இடத்தைக் காலியாக விடுவதற்கு நல்ல முன்மாதிரி உண்டு.

குடும்ப ஜெபத்தைப் பொறுத்தவரை, தினமும் செய்வதாகப் பொருத்தனை பண்ணாதீர்கள். உங்கள் கணவரின் வேலை நேரம் அதற்கு இடம் தராது. மூன்றாம் நாள் நின்றுபோன ஜெபம் வீட்டில் விட்டுச்செல்வது குற்ற உணர்ச்சியைத்தான். நான்கு ஞாயிறு மாலைகளும் 24ஆம் தேதி இரவும் போதும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். இதற்கு அட்வெந்து வளையம் மிகவும் உதவும். அந்த வழக்கம் பிறந்த கதையே உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளரிடம், "கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும்" என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பிள்ளைகளின் அவசரத்தை அவர் கண்டிக்கவில்லை, அதை எண்ணிக்கையாக மாற்றிக்கொடுத்தார். இன்று பல சபைகளில் மூன்று ஊதாவும் ஓர் இளஞ்சிவப்புமாக நான்கு மெழுகுவர்த்திகள் வைக்கிறார்கள். உங்களுக்குச் சக்கரமும் தேவையில்லை, பிளாஸ்டிக் பைன் இலையும் தேவையில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஊரின் செக்கச்சிவந்த தேரி மணலை நிரப்பி, நான்கு மெழுகுவர்த்திகளை ஊன்றிவிடுங்கள். முதல் வாரம் ஒன்றே ஒன்று எரியும். மின்விளக்கை அணைத்துவிட்டால் அந்த ஒன்றுக்கே எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அன்றைக்கு, "இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்" என்ற ஏசாயாவின் வசனத்தை மகள் வாசித்தால் நீங்கள் வியாக்கியானம் செய்ய வேண்டியிராது. இரண்டாம் வாரம் ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள், மூன்றாம் வாரம் யோவான் ஸ்நானகன், நான்காம் வாரம் காபிரியேல் தூதன் மரியாளிடம் வந்தது. தூதன் நாசரேத்துக்கு அனுப்பப்பட்டான் என்று வாசிக்கும்போது மகன், "நம்ம ஊருக்கா?" என்று கேட்பான். கேட்கட்டும். நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான்; தூதன் எங்கள் பேருந்து நிலையத்தில்தான் வந்து இறங்கினான் என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் என் விசுவாசத்துக்கு ஒரு சேதமும் வரவில்லை. வத்திக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தியை ஏற்றும் வேலையை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அவர் இல்லாமல் தொடங்க முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், அவரை அழைக்கும் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

பலகாரம் பற்றி நீங்கள் சற்றுக் கசப்போடு எழுதியிருக்கிறீர்கள். எட்டு வகை என்பது அத்தையின் பிடிவாதம் போலத் தெரியலாம். ஆனால் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்குத் தட்டு அனுப்பியவர்களுக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பியவர்களுக்கும் வெறும் கையோடு இருக்கக் கூடாது என்ற பழைய மரியாதை அதற்குள் இருக்கிறது. எட்டை நான்காக்குங்கள் என்று அத்தையிடம் நயமாகப் பேசலாம். முறுக்கையும் மிக்சரையும் கடையில் வாங்கினால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அதிரசத்தை மட்டும் வீட்டிலேயே, பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யுங்கள். ஈரம் உலரும் முன்பே இடித்த பச்சரிசி மாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, ஏலக்காய் போட்டு, மேலே ஒரு கரண்டி நெய் தடவி மூடிவைத்தால், இரண்டு மூன்று நாளாவது அது அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்கே தட்டி எண்ணெயில் போட்டால் பிரிந்துபோகும். மகன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பான். "இன்னும் ஆகல, மூடு" என்று அத்தை சொல்வார்கள். காத்திருத்தலைப் பற்றி நான் பீடத்திலிருந்து செய்த பிரசங்கங்களைவிட அந்த மூன்று சொற்கள் அவனுக்கு அதிகம் சொல்லும். அந்த நாட்களில் ஊரில் எப்படி மாவு இடித்தார்கள், கோவிலுக்கு எந்த நேரத்தில் கிளம்பினார்கள் என்பதை அத்தை பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவர்களைக் கதை சொல்லும் இடத்தில் உட்காரவைத்துவிட்டால், பலகாரத்தின் எண்ணிக்கையில் உள்ள பிடிவாதம் தானாகவே தளரும் என்பது என் அனுபவம்.

பரிசும் சாண்டாவும் உங்களுக்கு உறுத்தலாக இருக்கின்றன. சாண்டா கிளாஸ் பொய் என்று பிள்ளைகளிடம் போட்டு உடைப்பதைவிட, அவர் யார் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில், இன்றைய துருக்கி நாட்டில், பேராயராக இருந்த நிக்கொலாஸ் என்பவரின் நினைவே அந்தச் சிவப்பு அங்கிக்குப் பின்னால் இருக்கிறது. வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியே பொன்முடிப்பை எறிந்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாக வரும் கதை. வரதட்சணை என்ற சொல்லை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை என்பது வேறு வருத்தம். அவருடைய திருநாள் டிசம்பர் 6. 2026இல் அது இரண்டாம் ஞாயிறாகவே வருகிறது. அன்றைக்கு உங்கள் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளாமல் கொடுக்கட்டும், அதுவும் தெரியாமல் கொடுக்கட்டும். குடியிருப்பின் காவலருக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்கோ, யார் வைத்தது என்று தெரியாதபடி ஒரு பொட்டலம் போய்ச் சேர வேண்டும்; பிறகு வாயைத் திறக்கக் கூடாது. ஏழு வயதுக்கு அதைவிடப் பெரிய சாகசம் இல்லை.

புதுத்துணியை இந்தக் கொடையோடு இணைத்துவிடுங்கள். மூன்றாம் வாரம் வாசிக்கும் பகுதியில், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது யோவான், "இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்" என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். மனந்திரும்புதலுக்கு அவர் கொடுத்த முதல் விளக்கம் துணி அலமாரியில் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு புதுத்துணி வரும்போது, அலமாரியிலிருந்து ஒன்று வெளியே போக வேண்டும். சாயம் போனதும் பித்தான் அறுந்ததும் இதில் சேராது. போடப் பிடித்த, நல்ல நிலையில் உள்ள ஒன்று. மகள் தயங்குவாள். அந்தத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள், அவசரப்படுத்த வேண்டாம். பண்டிகைக்கு எடுத்த துணியை 25ஆம் தேதி காலை வரை பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் வைக்க முடியுமானால் இன்னும் நல்லது.

அலுவலகத்துச் சீக்ரெட் சாண்டாவையும் குடியிருப்புப் பார்ட்டியையும் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள்; போய்வாருங்கள். கிறிஸ்தவர் அல்லாத பக்கத்து வீட்டார் நம் பண்டிகையில் மகிழ்வது நமக்குக் குறைவல்ல. கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் சபையார் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டிய காரியம், ஆனாலும் ஓர் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று ஓடி, மேளம் அடித்து, மிட்டாயை வீசி, காணிக்கை உறையை வாங்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, பாடகர் குழு பாதி வீடுகளுக்கே போய் ஒரு வசனத்தை நிதானமாக வாசித்தால் போதும். உங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும் இரவில் அந்தத் தாம்பாளத்தின் மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து, கதவைத் திறங்கள்.

கொழுந்தனாரோடு வாதாட வேண்டாம். டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை என்று அவர் சொல்வது சரி. ரோமாபுரியில் 336ஆம் ஆண்டளவில் அந்த நாள் ஆசரிக்கப்பட்டதற்கான குறிப்புதான் நமக்குக் கிடைக்கும் பழைய சான்று. தேதியைத் திருச்சபை தேர்ந்துகொண்டது, சம்பவத்தைத் திருச்சபை உண்டாக்கவில்லை என்று ஒரே ஒரு முறை அமைதியாகச் சொல்லிவிட்டு, முதல் ஞாயிறு மாலைக்கு அவரை வீட்டுக்கு அழையுங்கள். இரண்டாம் வருகையைப் பற்றி அவருடைய சபையில் ஆர்வத்தோடு பேசுவார்கள் அல்லவா? நம் சபைகளில் அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. அன்றைய வேதபாடத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள மேசையில் அந்த நாள் பொதுவானது.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ஆண்டு மரணம் நடந்த வீடு ஒன்று உங்கள் உறவிலோ சபையிலோ நிச்சயம் இருக்கும். அவர்கள் ஸ்டார் கட்ட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். ஊரெல்லாம் விளக்கு எரியும்போது அவர்கள் வாசல் மட்டும் இருட்டாக இருக்கும். பண்டிகை அவர்களை விலக்கிவைக்கிறது. ஆனால் வருகையின் காலம் அவர்களுக்காகவே எழுதப்பட்டது போன்றது. "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்றுதான் ஏசாயாவின் நாற்பதாம் அதிகாரம் தொடங்குகிறது. இரண்டாம் வாரத்திலேயே பிள்ளைகளையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். பலகாரத் தட்டை 25ஆம் தேதிக்கு அனுப்பிக்கொள்ளலாம். இப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஸ்டார். டிசம்பர் முதல் தேதியே கட்டலாமா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. தாராளமாகக் கட்டுங்கள், மாடியில் நம் வீட்டு ஸ்டார் தெரிவது பிள்ளைகளுக்குப் பெருமை, அதில் கைவைக்க வேண்டாம். மரத்தை மட்டும் நான்காம் ஞாயிறு வரை தள்ளிப்போடுங்கள். ஆனால் 26ஆம் தேதி எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கிறிஸ்து பிறப்பின் காலம் 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. அது கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் என்கிற ஞானிகள் வந்து பாலகன் இயேசுவைப் பணிந்துகொண்டதை நினைக்கும் ஜனவரி 6ஆம் தேதி வரை பன்னிரண்டு நாட்கள் நீடிக்கிறது. நீங்கள் அழைக்க நேரமில்லாமல் விட்ட பக்கத்து வீட்டாரை அந்த நாட்களில் அழைக்கலாம். பிள்ளைகளுக்கும் விடுமுறை, உங்களுக்கும் அப்போது உடம்பில் தெம்பு இருக்கும். சாஸ்திரிகளின் மூன்று பொம்மைகளை 25ஆம் தேதி குடிலில் வைக்காமல் கூடத்தின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு ஒரு முழமாக மகன் நகர்த்திக்கொண்டு வரட்டும். அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு என்று மத்தேயு எழுதுகிறார். ஜனவரி 6ஆம் தேதி மாலை அவர்கள் குடிலை அடைந்தபின், ஸ்டாரை உங்கள் கணவர் கழற்றட்டும்.